ஷோகேஸில் வாடும் ஒயின்

புதுச்சேரியில் எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு பிரான்ஸில் உறவு உண்டு. விடுமுறைக்கு வரும் சித்தப்பாவோ அத்தானோ துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவரும் ஒயின் பாட்டில், வந்த அன்றே ஹாலில் இருக்கும் ஷோகேஸில் ஏறிவிடும். பக்கத்தில் ஈஃபிள் கோபுரப் பொம்மை, தலைக்கு மேலே குட்டி விளக்கு. நல்ல நாள் பார்த்துத் திறக்கலாம் என்று ஆண்டுகள் ஓடும். எங்கள் வீட்டில் அப்படி ஒன்பது ஆண்டு காத்திருந்த பாட்டிலை அக்காவின் கல்யாணத்துக்குத் திறந்தோம். சிவப்பாக இருக்கவேண்டியது செங்கல் நிறத்தில் இருந்தது. மணம், அடிப்பிடித்த ஜாம் போல. கொண்டுவந்த சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. ஒயினைப் பற்றி நாங்கள் நம்பியவற்றில் எது சரி, எது தவறு என்று தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

நம்பிக்கை: ஒயின் பழசாகப் பழசாக நன்றாகும்.

சில ஒயின்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். போர்தோவின் பெயர்பெற்ற தோட்டங்களின் சிவப்பு, இத்தாலியின் பரோலோ, போர்ச்சுகலின் வின்டேஜ் போர்ட் போன்றவை டானினும் அமிலமும், சிலவற்றில் சர்க்கரையும் தரும் பலத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். உலகில் விற்பனையாகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி, கடைக்கு வந்த ஓரிரு ஆண்டுகளில் குடித்துவிடுவதற்கென்றே செய்யப்படுகிறது. நாசிக் பக்கத்திலிருந்து நமக்கு வரும் சாதாரண வெள்ளை, ரோஸ் ஒயின்களும் அந்த வகைதான். புதுப் பழத்தின் மணம்தான் அவற்றின் உயிர். காலம் முதலில் தின்பதும் அதைத்தான்.

நம்பிக்கை: சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் வைக்கவேண்டும், ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டுவிடும்.

நம் ஊரில் அதிகப் பாட்டில்களைப் பாழாக்கியது இந்த நம்பிக்கைதான் என்பது என் எண்ணம். 'அறை வெப்பம்' என்ற பேச்சு பிரான்ஸின் பழைய கல்வீடுகளில் பிறந்தது. அந்த அறைகளில் வெப்பம் 16, 18 டிகிரியைத் தாண்டாது. நிலவறையிலிருந்து எடுத்துவந்த சில்லென்ற பாட்டிலைப் பரிமாறுவதற்கு முன் கொஞ்ச நேரம் அந்த அறையில் வைப்பார்கள். பரிமாறச் சொன்ன முறையை நாம் பாதுகாக்கும் முறையாக எடுத்துக்கொண்டோம். அதுவும் எந்த அறையில்? சித்திரையில் மின்விசிறியே அனல் கக்கும் அறையில்!

ஒயினை நீண்ட காலம் வைக்கும் நிலவறைகள் 12, 13 டிகிரியில், கோடையிலும் குளிரிலும் பெரிதாக மாறாமல் இருக்கும். வெப்பம் ஏற ஏற பாட்டிலுக்குள் நடக்கும் ரசாயன மாற்றங்கள் வேகம் பிடிக்கும். 25 டிகிரியைத் தாண்டினால் ஒயின் அவசர அவசரமாக மூப்படையும். 30க்கு மேல் வாரக்கணக்கில் கிடந்தால் பழமணம் போய், காய்ச்சிய வாடை வந்துவிடும். பகலில் சூடேறி விரியும் ஒயின் தக்கையை வெளியே தள்ளும். இரவில் சுருங்கும்போது காற்று உள்ளே போக வழி கிடைக்கும். தக்கை கொஞ்சம் மேலே எழும்பியிருந்தாலோ, கழுத்தோரம் பிசுபிசுப்பு வழிந்திருந்தாலோ அந்தப் பாட்டில் எங்கேயோ வெந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். கடையில் வாங்கும்போதும் இதைப் பாருங்கள்.

நம் வீடுகளில் மிக மோசமான இடம் பரண். மொட்டைமாடித் தளம் நாள் முழுக்கக் குடித்த வெயிலை இரவில் அங்கேதான் இறக்குகிறது. அடுத்தபடி, அடுப்புக்கு மேலுள்ள அலமாரியும் ஃப்ரிட்ஜின் தலையும்.

ஃப்ரிட்ஜின் உள்ளே வைப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. நான்கைந்து டிகிரி குளிரில் ஒயின் மூப்படைவது மெதுவாகும், அவ்வளவுதான். குளிர் ஒயினைக் கெடுக்காது என்பதற்குக் கடலே சாட்சி சொல்லியிருக்கிறது. 2010 ஜூலையில் பால்டிக் கடலில், ஃபின்லாந்தின் ஆலந்து தீவுகளுக்கு அருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த பழைய கப்பலிலிருந்து 168 ஷாம்பெயின் பாட்டில்கள் கிடைத்தன. ஏறத்தாழ 170 ஆண்டுகள் 2 முதல் 4 டிகிரி குளிரில், இருட்டில் கிடந்தவை. எல்லாம் தப்பவில்லை. ஆனால் தப்பியவற்றைச் சுவைத்தவர்கள், முதலில் எழுந்த விலங்கு வாடை கோப்பையில் சுழற்றியதும் அடங்கி, பூவும் பழமும் மசாலாவுமாக மணந்ததைக் குறித்திருக்கிறார்கள். வேதியியலாளர் ஃபிலிப் ஜாண்டே குழுவினரின் ஆய்வு 2015இல் வெளியானது. அதே பாட்டில்கள் நம் பரணில் கிடந்திருந்தால் ஒரு கோடையைக்கூடத் தாண்டியிருக்காது.

ஆகவே, ஆறு மாதமோ ஓராண்டோ வைக்கவேண்டிய பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு போதும். சிவப்பு ஒயினைப் பரிமாற அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் சரி. ஃப்ரீசரில் மட்டும் மறந்துவிடாதீர்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே ஆறேழு டிகிரியில் ஒயின் உறையத் தொடங்கும். தக்கை பிதுங்கும், பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

நம்பிக்கை: பாட்டிலைப் படுக்க வைக்காவிட்டால் தக்கை காய்ந்துவிடும்.

நானும் வெகுகாலம் நம்பினேன். மூடிய பாட்டிலில் ஒயினுக்கும் தக்கைக்கும் நடுவே உள்ள காற்று எப்போதும் ஈரம் நிறைந்தே இருக்கிறது. அந்த ஈரமே தக்கையின் உள்முனைக்குப் போதும். ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தார் ரீஸ்லிங், ஷார்டனே ஒயின்களை ஐந்து ஆண்டுகள் வைத்துப் பார்த்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டில் நின்றதா படுத்ததா என்பது பெரிய வித்தியாசம் தரவில்லை. பல ஆண்டு வைப்பவர்கள் படுக்க வைப்பதில் தவறில்லை, இடமும் மிச்சம். திருகுமூடி போட்ட பாட்டிலுக்கு இந்தக் கேள்வியே எழாது. ஃப்ரிட்ஜில் இடமில்லை, படுக்க வைக்க முடியாது என்பதற்காகப் பாட்டிலைப் பரணில் ஏற்றுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. குளிரில் நிற்பது, சூட்டில் படுப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

நம்பிக்கை: ஷோகேஸ் விளக்கு என்ன செய்துவிடும்?

வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிரும் நீலக் கதிரும் ஒயினில் இருக்கும் ரைபோஃப்ளேவினைத் தூண்டி, கந்தகம் கலந்த சேர்மங்களைப் பிறப்பிக்கின்றன. வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை அங்கிருந்து வருவதுதான். வெள்ளை ஒயினுக்கும் ஷாம்பெயினுக்கும் ஆபத்து அதிகம். பச்சைக் கண்ணாடி ஓரளவு காக்கும், நிறமற்ற கண்ணாடி கைவிட்டுவிடும். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டருக்காக 1876இல் லூயி ரோடரர் நிறுவனம் நிறமற்ற பாட்டிலில் செய்த கிரிஸ்டல் ஷாம்பெயின் இன்றும் அதே பாட்டிலில்தான் வருகிறது. அதைச் சுற்றியிருக்கும் மஞ்சள் தாள் அழகுக்காக என்று நினைத்திருந்தேன்; புற ஊதாக் கதிரைத் தடுப்பது அதன் வேலை. பாட்டிலைத் துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி வைத்தால் நாமும் அதே காவலைத் தந்தவர்கள் ஆவோம்.

நம்பிக்கை: திறந்த பாட்டிலில் கரண்டியைத் தொங்கவிட்டால் நுரை போகாது.

ஷாம்பெயின் தயாரிப்பாளர் அமைப்பே 1990களில் சோதித்துப் பார்த்துவிட்டது. வெள்ளிக் கரண்டி, எவர்சில்வர் கரண்டி எதுவும் உதவவில்லை. இறுகப் பிடிக்கும் மூடிதான் உதவியது. சாதாரண ஒயினுக்குக் காற்றுதான் எதிரி. மீந்ததைச் சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, மூடி, சிவப்போ வெள்ளையோ ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். வெளியே விட்டால் காடியாகும் வழியில் போய்விடும்.

குளிரில் வைத்த பாட்டிலின் அடியில் கண்ணாடித்தூள் போல ஏதாவது மினுங்கினால் கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள். திராட்சையின் டார்டாரிக் அமிலத்திலிருந்து படியும் உப்பு அது. தீங்கில்லாதது, மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும்.

உங்கள் ஷோகேஸிலோ பரணிலோ உறவினர் கொண்டுவந்த பாட்டில் ஒன்று இருந்தால், இன்றே இறக்கிக் குளிரில் வையுங்கள். கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் காக்க வைக்காமல், கொடுத்தவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவரோடு உட்கார்ந்து திறங்கள்.