ஃபில்டருக்கு ரிப்பேரா, ஓய்வா?

குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு என்று வருகிற தாய்மார்களிடம், "என்ன தண்ணீர் குடிக்கிறீங்க?" என்று கேட்பேன். "வீட்லதான் ஃபில்டர் இருக்கே, சார்!" என்று உடனே பதில் வரும். "அதைக் கடைசியா எப்போ சுத்தம் பண்ணினீங்க?" என்று கேட்டால்தான் யோசிப்பார்கள்.

ஃபில்டர் இருப்பது வேறு. அது வேலை செய்வது வேறு. வயதாகிப்போன ஃபில்டரை ரிப்பேர் செய்வதா, தூக்கிப்போட்டுப் புதுசு வாங்குவதா? நோயாளியைப் பார்க்கிற மாதிரியே பாருங்கள். எந்த உறுப்பில் கோளாறு என்று தெரிந்த பிறகுதான் வைத்தியம்!

கேண்டில் ஃபில்டர்

எவர்சில்வர் பாத்திரம் பல வருஷம் உழைக்கும். தேய்வது உள்ளே இருக்கிற பீங்கான் கேண்டில்தான். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கினால் பயப்பட வேண்டாம். கேண்டில் மேல் அழுக்குப் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். சோப்புப் போடாமல், மெதுவான பிரஷ்ஷால் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

நேற்று வரை மெதுவாக இறங்கிய தண்ணீர் இன்று மளமளவென்று இறங்குகிறதா? "அட, நல்லா வேலை செய்யுதே" என்று சந்தோஷப்படாதீர்கள். கேண்டிலில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம், வாஷர் தளர்ந்திருக்கலாம். டைபாய்டு கிருமிகள் அந்த வழியாகத் தாராளமாக இறங்கும். விரிசலை ஒட்டவைத்துச் சமாளிக்க முடியாது. கேண்டிலை மாற்றுங்கள், பாத்திரம் இருக்கட்டும்.

ஆர்.ஓ. மெஷின்

மண், தூசியை நிறுத்துகிற ஃபில்டரும் கார்பன் ஃபில்டரும் காலாகாலத்தில் மாற்றவேண்டியவை. அது ரிப்பேர் அல்ல, சாதாரணப் பராமரிப்பு. கார்பனை மாற்றாமல் விட்டால், தண்ணீரில் உள்ள குளோரின் விலை உயர்ந்த மெம்ப்ரேனைத் தாக்கிக் கெடுத்துவிடும்.

மெம்ப்ரேன் நன்றாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். டி.டி.எஸ். மீட்டரால் உள்ளே போகிற தண்ணீரையும் வெளியே வருகிற தண்ணீரையும் அளந்து பாருங்கள். உள்ளே 1000 என்றால் வெளியே 100 அளவில் இருப்பது நல்லது. 300-ஐத் தாண்டினால் மெம்ப்ரேன் களைத்துவிட்டது என்று சந்தேகப்படலாம். உப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் அதை மூடிவிட்டு அளக்க வேண்டும்.

இந்த மீட்டர் உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது. புற ஊதா விளக்கும் அப்படித்தான். எரிகிறதே என்று நம்பிவிட முடியாது. வெளிச்சம் இருக்கும், கிருமியைக் கொல்லும் சக்தி குறைந்திருக்கும். கம்பெனி சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள்.

எப்போது புதுசு?

தொட்டியில் விரிசல், கழுவியும் போகாத பாசி வாடை, மின்சார பாகங்களின் பக்கம் கசிவு, பாகங்கள் கடையில் கிடைக்காத நிலை, புதுசின் விலையில் பாதிக்கு மேல் ரிப்பேர் செலவு... இவற்றில் ஒன்று இருந்தாலும் பழையதற்கு ஓய்வு கொடுங்கள்.

வாங்கும் முன் குழாய்த் தண்ணீரை அளந்துவிடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2012-ல் வெளியிட்ட குடிநீர்த் தரத்தின்படி, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருக்கலாம். உங்கள் தண்ணீர் அதற்குள் இருந்து, ஃபுளோரைடு, ஆர்சனிக் போன்ற தொந்தரவும் இல்லையென்றால் ஆர்.ஓ. தேவைப்படாது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளும் மெஷின்களும் உண்டு!

நம் சித்தர் தேரையர் பிணி அணுகாமல் இருக்கச் சொன்ன வழிகளில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதும் ஒன்று. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் வைரஸ் நல்ல கேண்டிலையும் தாண்டி வரும், கொதிக்கவைத்தால் ஒழியும். ஆனால் காய்ச்சுவதால் உப்பு குறையாது. தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும். கிருமியைப் போக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

ஃபில்டர் ரிப்பேரில் இருக்கிற நாட்களில், தண்ணீர் தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிஷமாவது விட்டு இறக்கி, மூடி ஆறவைத்துக் குடியுங்கள். இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். எந்த பாகத்தை என்றைக்கு மாற்றினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஃபில்டர் மேலேயே ஒட்டிவையுங்கள். அடுத்த முறை சர்வீஸ்காரர் "எல்லாத்தையும் மாத்தணும்" என்றால், அந்தச் சீட்டைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.