வங்கிக்கும் வங்கிக்கும் இடையே

கோயம்புத்தூரில் பஞ்சாலை ஒன்றில் பணிபுரியும் தந்தை ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். அவருடைய மகள் மதுரையில் கல்லூரியில் பயில்கின்றாள். விடுதிக் கட்டணமாகிய 18,000 ரூபாயை மறுநாள் காலையில் அவள் செலுத்தியாக வேண்டும். தந்தையின் சேமிப்புக் கணக்கு ஒரு வங்கியில் உள்ளது. மகளின் கணக்கோ வேறொரு வங்கியில் உள்ளது. அப்பொழுது இரவு மணி ஒன்பது. இரண்டு வங்கிகளின் கதவுகளும் அடைத்துக் கிடக்கின்றன. தந்தை தம் கைப்பேசியை எடுக்கின்றார், மகளின் கணக்கு எண்ணைப் பதிக்கின்றார், தொகையைக் குறிக்கின்றார், கடவுச்சொல்லைத் தந்து பொத்தானை அழுத்துகின்றார். மணி பத்து அடிப்பதற்குள் மகளின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகின்றது. பணம் வந்து சேர்ந்துவிட்டது.

வந்து சேர்ந்தது என்று சொல்கின்றோமே, வந்தது யாது? அவ்விரவில் கோயம்புத்தூரிலிருந்து மதுரைக்கு ஒரு நோட்டும் புறப்படவில்லை. எந்த வண்டியிலும் பணப்பை ஏறவில்லை. கம்பி வழியே ரூபாய் ஓடியதும் இல்லை. அவ்வாறாயின், காலையில் அவள் விடுதிக்குச் செலுத்தப்போகும் பணம் எங்கிருந்து முளைத்தது?

இதனை அறிவதற்கு, வங்கியில் நாம் இடும் பணம் என்ன ஆகின்றது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் பெயர் எழுதிய பெட்டி ஒன்றில் அஃது உறங்கிக் கிடப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படி ஒரு பெட்டி எந்த வங்கியிலும் இல்லை. நாம் இட்ட பணத்தை வங்கி உழவருக்கும் வணிகருக்கும் வீடு கட்டுவோருக்கும் கடனாகக் கொடுத்துவிடுகின்றது. நம் கணக்கில் எழுதியிருக்கும் தொகை, வங்கி நமக்குத் திருப்பித் தரவேண்டிய கடனேயாகும். சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர், தாம் அறியாமலே, வங்கிக்குக் கடன் கொடுத்தவராக இருக்கின்றார்.

ஆதலின், தந்தை பொத்தானை அழுத்தியதன் பொருள் இதுவே: ‘நீ எனக்குத் தரவேண்டிய கடனில் 18,000 ரூபாயைக் குறைத்துக்கொள், என் மகளின் வங்கி அவளுக்கு அத்தொகையைத் தரவேண்டியதாகச் செய்.’ முதற்பகுதி எளிது. தன் கடன் குறைவதை எந்த வங்கி வேண்டாம் என்னும்? ஆனால், முன்பின் அறியாத ஒருவர் அனுப்பிய ஆணைக்காக, மற்றொரு வங்கி ஏன் 18,000 ரூபாய்க் கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளவேண்டும்? அதற்கு ஈடு செய்வார் யார்? இந்த வினாவில்தான் செய்தி முழுவதும் அடங்கியிருக்கின்றது.

வினா புதியதன்று. பணத்தை மடியில் முடிந்துகொண்டு காட்டுவழி செல்வது உயிருக்கே இடர் தரும் காலத்தில், வணிகர் உண்டியல் என்னும் முறையைக் கையாண்டனர். இன்று உண்டியல் என்றால் நமக்குக் கோயில் உண்டியலே நினைவுக்கு வரும். பணம் தருமாறு எழுதிய ஆணைச் சீட்டுக்கும் உண்டியல் என்பதே பெயர். ஓர் ஊரில் பணத்தைக் கட்டிச் சீட்டைப் பெற்றவர், வேறோர் ஊரில் அதனைக் காட்டிப் பணத்தைப் பெற்றுக்கொள்வார். காட்டியவுடன் பணம் தரவேண்டியது ஒரு வகை. குறித்த தவணை கழித்துத் தரவேண்டியது மற்றொரு வகை. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் நடத்திய கொடுக்கல் வாங்கலில் உண்டியலுக்கு இடம் இருந்தது. சீட்டு எழுதியவருக்கும் பணம் கொடுத்தவருக்கும் இடையே உள்ள கணக்கு பின்னர் நேராகும். அங்கும் பணம் நடக்கவில்லை, சொல் நடந்தது.

இலண்டன் மாநகரில் இதே வினாவுக்கு வேறொரு விடை கிடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகர வங்கிகளின் எழுத்தர்கள், தங்களிடம் வந்த காசோலைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வங்கிக்கும் நடந்து சென்று பணம் வாங்கி வந்தனர். நடந்து அலுத்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். ‘நான் உன் வங்கிக்கு வருகின்றேன், நீ என் வங்கிக்கு வருகின்றாய். இருவரும் ஓரிடத்தில் கூடிச் சீட்டுகளை மாற்றிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் கொடுத்து வாங்கினால் என்ன?’ இவ்வாறு லம்பார்டு தெருவை அடுத்துத் தோன்றியதே தீர்வகம். கணிப்பொறிக்கு முன்னோடியாகிய சார்லஸ் பாபேஜ் என்னும் அறிஞர், 1832இல் வெளியிட்ட தம் நூலில் அத்தீர்வகம் நடைபெறும் முறையை வியந்து எழுதியுள்ளார். மேலதிகாரிகள் வகுத்த திட்டத்தைக் காட்டிலும், கால் நொந்தவர் கண்ட வழி சிறந்ததாக அமைவதும் உண்டு.

நம் நாட்டில் இன்று அந்தத் தீர்வகத்தின் இடத்தில் இருப்பது 1935இல் தொடங்கப்பெற்ற ரிசர்வ் வங்கி ஆகும். நமக்கு வங்கியில் கணக்கு இருப்பதுபோல், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியில் கணக்கு உண்டு. மகளின் வங்கிக்கு ஈடு செய்வது அந்தக் கணக்குத்தான். தந்தையின் வங்கிக் கணக்கில் குறைத்து, மகளின் வங்கிக் கணக்கில் கூட்டி எழுதிவிட்டால் இரு வங்கிகளுக்கும் குறை இல்லை.

ஒவ்வொருவர் அனுப்பும் தொகைக்கும் தனித்தனியே இவ்வாறு எழுதிக்கொண்டிராமல், நெஃப்ட் என்னும் முறையில் அரைமணி நேரத்து ஆணைகளை ஒன்றாகத் திரட்டுகின்றனர். மூன்று வங்கிகள் மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். அரைமணியில் முதல் வங்கி மற்ற இரண்டுக்கும் 80 இலட்சம் தரவேண்டும். 70 இலட்சம் பெறவேண்டும். இரண்டாவது வங்கி 75 இலட்சம் தந்து 70 இலட்சம் பெறவேண்டும். மூன்றாவது 35 இலட்சம் தந்து 50 இலட்சம் பெறவேண்டும். கூட்டிக் கழித்துப் பாருங்கள். முதல் வங்கி 10 இலட்சமும், இரண்டாவது 5 இலட்சமும் தந்தால் போதும்; மூன்றாவது 15 இலட்சத்தைப் பெற்றுக்கொள்ளும். 190 இலட்ச ரூபாய்க்கு உரிய ஆணைகள் வெறும் 15 இலட்சத்தில் தீர்ந்துவிட்டன!

நெஃப்ட் 2005 நவம்பரில் தொடங்கியது. பல ஆண்டுகள் அது வங்கி வேலை நாள்களில், பகற்பொழுதில் மட்டுமே இயங்கியது. சனிக்கிழமை இரவு அனுப்பிய பணம் திங்கட்கிழமை காலைவரை காத்திருக்கும். 2019 டிசம்பர் 16ஆம் நாள் முதல் இரவும் பகலும், விடுமுறை நாளிலும் அது நடைபெறுகின்றது. ஒரு நாளைக்கு 48 தொகுதிகள். சேமிப்புக் கணக்கு உடையோர் இணையவழி அனுப்பும் நெஃப்டிற்கு 2020 சனவரி முதல் கட்டணமும் இல்லை.

திரட்டித் தீர்க்கும் முறையில் ஒரு குறை உண்டு. ஆணை பிறந்த நேரத்திற்கும் தீர்வு நேரத்திற்கும் இடையே ஒரு வங்கி வீழ்ந்துவிட்டால் என் செய்வது? இது வெறும் அச்சம் அன்று. 1974 ஜூன் 26ஆம் நாள் செருமனியில் கொலோன் நகரத்து ஹெர்ஷ்டாட் வங்கியை அந்நாட்டு அதிகாரிகள் மூடினர். அதனோடு நாணய மாற்று வாணிகம் செய்த வங்கிகள் செருமானிய மார்க்குகளை அன்று பகலிலேயே கொடுத்துவிட்டன. அதற்கு ஈடாக நியூயார்க்கில் டாலர்கள் வரவேண்டும். அங்கோ அப்பொழுதுதான் காலை வேளை. வரவேண்டிய டாலர்கள் வரவில்லை. இரு நகரங்களின் கடிகாரங்களுக்கு இடையே இருந்த வேறுபாட்டில் பெரும்பொருள் சிக்கிக்கொண்டது. இன்றும் வங்கியியலார் இவ்வகை இடருக்கு அந்த வங்கியின் பெயரையே இட்டு வழங்குகின்றனர்.

ஆதலின், பெருந்தொகைகளைத் திரட்டாமல், ஒவ்வோர் ஆணையையும் வந்த அப்பொழுதே தனித்துத் தீர்க்கும் ஆர்.டி.ஜி.எஸ். முறை 2004 மார்ச்சில் நம் நாட்டிற்கு வந்தது. 2 இலட்ச ரூபாய்க்குக் குறைந்த தொகை இதில் செல்லாது. சிறு தொகைகளை நொடியில் சேர்ப்பதற்கு 2010இல் ஐ.எம்.பி.எஸ். முறையும், 2016இல் யு.பி.ஐ. முறையும் தோன்றின. இவ்விரண்டிலும் பெறுபவரின் கணக்கில் பணம் உடனே ஏறிவிடும். வங்கிகள் தமக்குள் பின்னர்த் தீர்த்துக்கொள்ளும்.

இனித் தந்தையிடம் திரும்புவோம். மகளின் கணக்கு எண்ணைப் பதித்தபொழுது ஓர் இலக்கத்தை அவர் மாற்றிப் பதித்திருந்தால்? அப்படி ஓர் எண்ணே அவ்வங்கியில் இல்லையாயின், பணம் திரும்பி வந்துவிடும். அவ்வெண் வேறொருவருடையதாக இருந்துவிட்டால், தீங்கு நேரும். பெயரையும் அவர் எழுதியிருப்பாரே, பொருந்தவில்லை என்று வங்கி கண்டுகொள்ளாதா என்று நீங்கள் கேட்கலாம். கணக்கு எண்ணை மட்டும் கொண்டே பணத்தை வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010இல் அறிவித்தது. ஒரே பெயரைப் பல வகையாக எழுதும் நம் நாட்டில் பெயரை ஒப்பிடத் தொடங்கினால் கணிப்பொறியும் திகைத்து நிற்கும் அன்றோ? எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு அனுப்புவோருக்கே உரியதாயிற்று.

தவறு நேர்ந்ததை அறிந்தவுடன் தந்தை தம் வங்கிக்கு முறையிடவேண்டும். அவ்வங்கி மற்ற வங்கிக்கு எழுதும். மற்ற வங்கி, பணம் சென்ற கணக்கிற்கு உரியவரிடம் இசைவு கேட்கும். அவர் நல்லவராயின் திருப்பித் தருவார். மறுத்தால், சட்டத்தின் துணையை நாடவேண்டியதுதான். மகளின் விடுதியோ அதுவரை காத்திராது. இதனால்தான் அறிந்தோர், புதிய கணக்கிற்கு முதலில் ஒரு ரூபாய் மட்டும் அனுப்பி, அது சேர்ந்ததா என்று கேட்டறிந்த பின்னரே மிகுதியை அனுப்பினர். கருமித்தனம் என்று அதனை நகைத்தோரும் உண்டு.

இக்குறையைக் களைய, நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் பணம் அனுப்புவோர் பெறுபவரின் பெயரை முன்னரே கண்டுகொள்ளும் வசதியை, 2025 ஏப்ரல் முதல் நாளுக்குள் வங்கிகள் செய்து தருதல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. அனுப்புபவர் கணக்கு எண்ணையும், எந்த வங்கியின் எந்தக் கிளை என்பதைக் காட்டும் பதினோர் எழுத்துக் குறியீட்டையும் பதித்தவுடன், பெறும் வங்கியின் ஏட்டில் உள்ள பெயர் திரையில் தோன்றும். இதற்குக் கட்டணம் இல்லை.

நம் தந்தை மூக்குக்கண்ணாடியை அணிந்துகொள்கின்றார். திரையில் மகளின் பெயர் முன்னெழுத்துடன் தெரிகின்றது. அதனை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கின்றார். பிறகே பொத்தானை அழுத்துகின்றார்.