பச்சை காட்டும் டெஸ்டை நம்பலாமா?

நம்பிக்கை: எக்ஸெப்ஷனை எதிர்பார்க்கும் டெஸ்ட் பச்சை காட்டினால் சரிபார்ப்பு வேலை செய்கிறது.

எந்த வரி வீசியது என்று தெரியாதவரை அந்தப் பச்சைக்கு மதிப்பில்லை. தொட்டியம் வாழை மண்டிக்கு ஏலக் கணக்கு எழுதும் நிரல் ஒன்று செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூவன் தார் எண்ணிக்கை மைனஸில் வந்தால் ‘இல்லீகல் ஆர்க்யுமென்ட் எக்ஸெப்ஷன்’ வீச வேண்டும். டெஸ்டின் முதல் வரி விவசாயி பெயரில் கணக்குத் தொடங்குகிறது. அடுத்த வரி மைனஸ் 5 தாரைப் பதிகிறது. தலையில் ஜாவாவின் டெஸ்ட் கருவியான ஜேயூனிட் 4-இன் ‘எக்ஸ்பெக்டட்’. அது மெத்தட் முழுவதற்கும் பொருந்தும், வம்பே அங்கேதான். கணக்குத் தொடங்க கைபேசி எண் கட்டாயம் என்று பிறகு ஒருவர் மாற்றினால், முதல் வரியே அதே வகை எக்ஸெப்ஷனை வீசிவிடும். தார் பதியும் வரி ஓடவே ஓடாது. மைனஸ் சரிபார்ப்பை அடியோடு நீக்கினாலும் டெஸ்ட் பச்சைதான்!

2017-இல் வந்த ஜேயூனிட் 5-இல் ‘அசர்ட் த்ரோஸ்’ இருக்கிறது. பழைய வரிசையிலேயே நிற்பவர்களுக்கு 2020-இல் வந்த 4.13 அதைத் தந்தது. கணக்குத் தொடங்குவதை வெளியே வைத்து, தார் பதியும் ஒரே வரியை மட்டும் அதன் லாம்டாவுக்குள் போடுங்கள். பிடிபட்ட எக்ஸெப்ஷன் கைக்கே வரும். அதன் செய்தியில் ‘-5’ இருக்கிறதா என்று பார்க்கலாம். செய்தியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது வீண் வேலை, யாராவது ஒரு கமாவைத் திருத்தினாலே உடையும்.

நம்பிக்கை: ட்ரை–கேட்சைக் கையால் எழுதுவதுதான் பாதுகாப்பு.

ட்ரையின் கடைசியில் ‘ஃபெயில்’ போட மறந்தால், எக்ஸெப்ஷனே வராதபோதும் பச்சை. போட்டுவிட்டு ‘த்ரோவபிள்’ என்று கேட்ச் செய்தால், ஃபெயில் வீசும் பிழையையும் சேர்த்து விழுங்கிவிடும்.

நம்பிக்கை: வெறும் ‘எக்ஸெப்ஷன்’ என்று எழுதினால் போதும்.

அசர்ட் த்ரோஸ் துணை வகைகளையும் ஏற்கும். அப்படி எழுதினால் நல் பாயின்டர் வந்தாலும் டெஸ்ட் தேறிவிடும்.

நம்பிக்கை: இது ஜாவாக்காரர்களின் தொல்லை.

பைதானிலும் உண்டு. ‘பைடெஸ்ட் ரெய்ஸஸ்’ பிளாக்குக்குள், வீசும் வரிக்குக் கீழே எழுதிய அசர்ட் ஒருபோதும் ஓடாது. அதை பிளாக்குக்கு வெளியே எடுத்து வையுங்கள்.

பழைய டெஸ்ட் ஒன்றைத் திருத்தியதும், நிரலில் அந்தச் சரிபார்ப்பை ஒருமுறை கமென்ட் செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சிவப்பு வராவிட்டால் அந்த டெஸ்டை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.