வேருக்கும் மூச்சு உண்டு

நுரையீரல் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரிடம் நான் தவறாமல் கேட்பது: "வீட்டில் செடி வளர்க்கிறீர்களா?" ஆம் என்போரின் முகம் மலரும். "மண்ணைக் கலப்பவர் யார்?" என்ற அடுத்த கேள்விதான் பலரையும் வியக்க வைக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர், அண்மையில் வருத்தத்துடன் வந்தார். இருவேளை நீர் ஊற்றியும் அவருடைய கறிவேப்பிலைக் கன்று வாடியது; வாட வாட மேலும் ஊற்றியிருக்கிறார். கன்றுக்கு நேர்ந்தது தாகமன்று, மூச்சுத்திணறல். வேரும் ஆக்சிஜனை ஏற்றே வாழ்கிறது. மண்துகள்களின் இடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டால் வேர் அழுகும்; அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஈரத்தில் நின்றபடியே செடி வாடுகிறது.

அவர் தொட்டியில் நிரப்பியது ஏரி வண்டல். நம் மாவட்டத்து வண்டல் வயலுக்கு வளம், தொட்டிக்குள்ளோ இறுகிவிடும். செம்மண், மட்கிய தொழுவுரம், உப்பு நீங்கக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்தால் காற்றோட்டம் இருக்கும். அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்று பலரும் நம்புகிறோம். உண்மையில் நுண்மண்ணிலிருந்து பருங்கல்லுக்குள் நீர் எளிதில் இறங்காது. ஈரம் தேங்கும் அடுக்கு கல்லுக்கு மேலே அமைந்து வேரை நெருங்கிவிடும். துளையின்மேல் ஓர் ஓட்டுச்சில்லு போதும். விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரும்பாலும் தேவைப்படாது. இரசாயனம் இருந்த பழைய பீப்பாய்களில் கீரை வளர்க்க வேண்டா. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகவும் வேண்டா.

இனி என் துறைக்கு வருகிறேன். உலர்ந்த உரக்கலவையின் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள் இருக்கும். நலமான நுரையீரல் அவற்றை வெளியேற்றிவிடும். ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து எடுத்துக்கொள்வோர், உறுப்பு மாற்று பெற்றோர் ஆகியோருக்கு அதுவே கடும் தொற்றாகலாம். மண் கலக்கும் வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். அவரும் கலவையை நனைத்த பிறகே கிளறட்டும். நீரிழிவு உள்ளோர் ஈரமண்ணில் வெறுங்காலுடன் நிற்கலாகாது. தொட்டியடித் தட்டில் தேங்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டி, உலர்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

மண் வேலைக்குப் பின் காய்ச்சலோ, சளியில் இரத்தமோ கண்டால் காத்திராமல் வாருங்கள். மண்ணைக் கலந்ததையும் மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.