முகாம் நடத்தப் பணம்: யாரிடம் கேட்பது?

கல்லூரி முடிப்பதற்குள் ஓர் அறக்கட்டளை தொடங்கி, 'நிறுவனர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்வது இப்போது சேலம், நாமக்கல் பக்கம் மோஸ்தராகிவிட்டது. வெளிநாட்டில் மேல்படிப்புக்கு மனுப் போடும்போது உதவும் என்று அப்பாவே பையனை ஆடிட்டரிடம் கூட்டிப்போகிறார். பத்திரம் பதிந்து, லோகோ வரைந்த பிறகுதான் யோசனை வருகிறது. கிராமத்து இளைஞர்களுக்கு இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சி நடத்தணும், பணத்துக்கு எங்கே போவது? "சி.எஸ்.ஆர்.ல ஒரு பத்து லட்சம் கேட்டுப் பாக்கலாமுங்களா சார்?" நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது.

எல்லாருக்கும் தெரிந்த வழிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்குள் இருந்தால் என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கியது. தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம், பல்கலைக்கழகம் வழியாக வரும் தொகை. தொகை சின்னது, ஆனால் ஏழு நாளும் ஐம்பது பேருக்குச் சோறு போட்டுப் பழகிய மாணவனுக்கு வேறு பயிற்சி வேண்டியதில்லை என்பது என் கட்சி. கல்லூரிக்கு வெளியே, ஊர் இளைஞர் மன்றமாக இருந்தால் நேரு யுவ கேந்திரா. 1972-இல் அந்தப் பெயரில் தொடங்கியது, இப்போது 'மை பாரத்' என்று பெயர் மாறிவிட்டது. இளைஞர் தலைமை, சமுதாய மேம்பாடு என்றே ஒரு பயிற்சித் திட்டம் அவர்களிடம் உண்டு. 2023 அக்டோபரில் வந்த 'மை பாரத்' தளத்தில் முதலில் பதிந்துகொள்ளுங்கள். ரோட்டரிச் சங்கங்கள் 'ரைலா' என்ற பெயரில் இளைஞர் தலைமை முகாம் நடத்துகின்றன. 1959-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் முளைத்த யோசனை அது. அது அவர்கள் முகாம், உங்களுடையது அல்ல. உங்கள் ஊரிலிருந்து நாலு பேரை அதற்கு அனுப்பினால் அடுத்த வருஷம் உங்கள் முகாமை நடத்த ஆள் கிடைக்கும்.

இனி சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு அது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். தொழிற்சாலையைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. உடனே நம் பிள்ளைகளுக்குப் பொட்டனேரி ஜே.எஸ்.டபிள்யூ., சேலம் உருக்காலை, மேட்டூர் கெம்பிளாஸ்ட் என்று பெயர்கள் ஞாபகம் வந்துவிடும். அந்த ஆலைகளின் வாசலில் குடிதண்ணீருக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் மனுவோடு நிற்கிற கிராமங்கள் உங்களுக்கு முன்னால் இருக்கின்றன. அவை முன்னால் நிற்பதுதான் நியாயமும்.

அதையும் தாண்டி உள்ளே போனால், முதலில் கேட்பது சி.எஸ்.ஆர்-1 படிவத்தின் பதிவு எண். 2021 ஏப்ரல் முதல் அது கட்டாயம். அதற்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு இரண்டும் வேண்டும். அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். போன தையில் பத்திரம் பதிந்த அறக்கட்டளைக்கு மூன்று வருஷம் எங்கிருந்து வரும்? இன்னொரு சங்கதியை யாரும் சொல்வதில்லை. ஒரே நாளில் நடந்து முடிகிற மாரத்தான், விருது விழா மாதிரியான நிகழ்ச்சிகளைச் சி.எஸ்.ஆர். கணக்கில் சேர்க்க முடியாது என்று 2014 ஜூனிலேயே கம்பெனி விவகார அமைச்சகம் விளக்கம் அனுப்பியது. தொடர்ச்சியில்லாத இரண்டு நாள் பயிலரங்கமும் கம்பெனி அதிகாரியின் கண்ணுக்கு அந்த ரகமாகத்தான் படும். "உங்க லோகோவைப் பேனர்ல பெருசாப் போடறோம் சார்" என்று நம் பையன் ஆசை காட்டுவான். விளம்பர லாபத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர் சி.எஸ்.ஆர். ஆகாது என்று விதியிலேயே இருக்கிறது. உதவி என்று நினைத்துச் சொன்ன வார்த்தை மனுவைக் கீழே தள்ளிவிடும்.

இவ்வளவும் கடந்து பணம் வந்தாலும் நான் சந்தோஷப்பட மாட்டேன். மாணவர்கள் எக்செல் ஷீட்டிலும் பயனாளி எண்ணிக்கையிலும் புகைப்படத்திலும் மூழ்கி, முகாமுக்கு வந்த பிள்ளைகளின் பெயரைக்கூடக் கேட்காமல் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். பத்து வருஷமாக ஊன்றி நிற்கிற தொண்டு நிறுவனம் சி.எஸ்.ஆருக்குப் போகட்டும். இருபது வயதில் போகாதீர்கள்.

வெளிநாட்டுப் பணத்துக்கு ஒரு பத்தி போதும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வில் பதிய, அறக்கட்டளைக்கு மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்த கணக்கும் கேட்பார்கள். பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். சிங்கப்பூர்ச் சித்தப்பா இந்திய பாஸ்போர்ட்டோடு இருந்தால் அவர் வங்கி வழியாக அனுப்புவது சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், பதிவில்லாத அறக்கட்டளை அவரிடம் ஒரு வெள்ளிகூட வாங்கக் கூடாது.

என் ஓட்டு உள்ளூருக்கு. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்காரர், கோழிப்பண்ணைக்காரர், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்காரர், பள்ளிபாளையம் தறிக்காரர் எனப் பலரும் தனி முதலாளிகள் அல்லது பங்காளிகளாகச் சேர்ந்து நடத்துகிறவர்கள். 135-ஆம் பிரிவு அவர்களைத் தொடாது. அவர்கள் கொடுப்பது மனமிருந்து கொடுப்பது, பேனரில் பெயர் போட்டாலும் குற்றமில்லை. பணமாகக் கேட்காதீர்கள், பொருளாகக் கேளுங்கள். மண்டிக்காரரிடம் அரிசி, பண்ணையில் முட்டை (ஓர் அட்டைக்கு முப்பது, எத்தனை அட்டை என்று கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள்), அச்சகத்தில் நோட்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபம் காலியாகக் கிடக்கும். கரண்ட் பில்லை மட்டும் கட்டுங்கள் என்று கொடுக்கிற உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பத்துக் கடை ஏறி, ஆறில் இல்லை என்ற பதிலைக் கேட்டு, நாலில் வாங்கி வருகிறானே, முகாமின் முதல் பாடத்தை அவன் அங்கேயே படித்துவிடுகிறான்.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. 1925-இல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியபோது நிலம் கொடுத்தவர் உள்ளூர் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். கதர், மதுவிலக்கு என்று அங்கே இளைஞர்கள் வேலை செய்தே பழகினார்கள். 'விமோசனம்' பத்திரிகை வேலைக்காக அங்கே வந்து தங்கியவர்களில் ஒருவர், பிற்காலத்தில் கல்கி என்று நாம் அறிந்த கிருஷ்ணமூர்த்தி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எந்தப் பள்ளி, எந்த விடுதி, எந்த கோர்ஸ் என்று எல்லாவற்றையும் நீங்களே தீர்மானித்தது போதும். பிள்ளை தலைவன்தான் ஆக வேண்டும் என்பதையும் நீங்கள் தீர்மானிக்காதீர்கள். ஒருத்தனுக்குக் கேட்கத் தெரியும். ஒருத்திக்குக் கணக்கு எழுத வரும். இன்னொருவன் வாய் திறக்க மாட்டான், ஆனால் சமையல்காரர் வராத அன்று அடுப்புப் பற்ற வைப்பவன் அவன்தான். எதற்குக் கை பழகுகிறது என்று தெரிய இரண்டு மூன்று முகாமாவது ஆகும். முதல் முகாமுக்கு இருபது பேர்தான் வருவார்கள், வரட்டும். அறக்கட்டளையை அதற்கப்புறம் பதிந்துகொள்ளலாம். சங்கமாகப் பதிவதென்றால் ஏழு பேர் வேண்டும்; அந்த ஏழு பேர் யார் என்பதும் அதற்குள் தெரிந்திருக்கும்.

நாள் பார்க்கும் விஷயம் பாக்கி. ரோட்டரி, லயன்ஸ் இரண்டிலும் ஜூலை முதல் தேதியில் தலைவர் மாறுவார்; அதனால் மே, ஜூனிலேயே வரப்போகும் தலைவரைப் பாருங்கள், பட்ஜெட் போடும் நேரம் அது. ஆடியில் முகாம் என்றால் மண்டபத்துக்கு ஆனியிலேயே சொல்லி வையுங்கள். சேலத்துக்காரர்கள் மட்டும் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வாரம் முகாமுக்கு ஒரு பிள்ளையும் வராது, பேச நானும் வரமாட்டேன்.