அடைக்கோழியை அடை தெளிவித்தல்

நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடை கிடக்கும். இது அதன் இயல்பு, நோயுமன்று, பிடிவாதமுமன்று. குஞ்சு வேண்டும் காலத்தில் இவ்வியல்பே கமக்காரருக்குப் பெருந்துணையாகும். ஆனால் முட்டை விற்ற காசிற் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கும் வீட்டில் மூன்று பேடுகள் ஒருங்கே அடைகிடந்தால், அவ்வருவாய் பல வாரங்களுக்கு நின்றுவிடும். அதனாலேயே பலர் பொறுமையிழந்து கோழியை வதைக்கின்றனர்.

காரணத்தை அறிந்தால் வதை தேவையில்லை என்பது விளங்கும். கோழியின் மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பி, புரோலத்தின் என்னும் ஓமோனைச் சுரக்கிறது. இது மிகும்போது முட்டைச் சினையகம் சுருங்கி, இடுவது நிற்கும். கோழியின் வயிற்றுப்புறத் தோல் இறகுதிர்ந்து வெறுமையாகும். அவ்வெறுந்தோலில் முட்டையும் கூட்டின் இளஞ்சூடும் படப்பட இச்சுரப்பு மேலும் நீடிக்கிறது. முட்டை கருக்கொண்டதா, கூட்டில் முட்டை உண்டா என்பதைக்கூடக் கோழி பார்ப்பதில்லை, வெறுங்கூட்டிலும் கிடக்கும். வீட்டிற் கிளி வளர்ப்போரும் இதனையொத்ததைக் கண்டிருப்பர். இனம்பெருக்கும் பருவத்தில், நேற்றுவரை தோளில் ஏறிய கிளி இன்று வளர்த்தவர் கையையே கொத்தும். அங்கும் பறவையை ஆட்டுவிப்பது ஓமோனேயன்றி வன்மமன்று.

அடைக்கோழி இறகைச் சிலிர்த்து, கொக்கொக்கென்று அடித்தொண்டையிற் குரலெழுப்பும். கிட்டப் போனாற் கொத்தும். நாளுக்கு ஒரு முறையே எழுந்து தின்று, பெரியதாக நாற்றமுள்ள எச்சம் இட்டு, மீண்டும் போய்க் கிடக்கும். கூட்டிற் கிடக்கும் கோழியெல்லாம் அடைக்கோழியாகிவிடாது. முட்டை வழியில் அடைபட்டு முக்கும் கோழியும், சோர்ந்து கண்மூடியிருக்கும் நோய்க்கோழியும் கூட்டிலேயே கிடக்கும். கொத்தவும் சிலிர்க்கவும் வலுவற்றிருந்தால் நோயென்றே ஐயுற்று, மற்றக் கோழிகளிலிருந்து பிரித்து, கால்நடை வைத்தியரை நாடுக.

குஞ்சு வேண்டுமாயின், ஒரு கிழமைக்கு மேற்படாத பத்துப் பன்னிரண்டு முட்டைகளை மாலையில் அடைவைத்து, தீனும் தண்ணீரும் அருகில் வைத்தாற் போதும். ஏழாம் நாள் விளக்கொளியிற் பார்த்து, கருவற்றவற்றை நீக்குக. இருபத்தொராம் நாளளவிற் குஞ்சு பொரிக்கும்.

குஞ்சு வேண்டாவிடின் முதல் நாளே செயற்படுக. முட்டைகளை எடுத்து, கூட்டு வாயிலை அடைத்துவிடுக. ஒரு பெட்டியின் அடிப்பலகையை நீக்கி, கமுகஞ்சலாகை அல்லது பனைமட்டைச் சலாகைகளை ஒரு விரல் அகல இடைவெளி விட்டு அறைக. பெட்டியை நிழலும் காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில், முழங்கால் உயரத்திற்குக் குறையாமல் நிறுத்துக. வைக்கோல் ஒரு துரும்பும் இடலாகாது. கோழி எங்கே குந்தினாலும் அடிவயிற்றிற் காற்றுப்பட்டுத் தோல் குளிரும், சுரப்பு தணியும். இரவிலும் அதிலேயே இருக்க வேண்டும். கீரியும் மரநாயும் அணுகாதபடி பெட்டியைச் சுற்றிக் கம்பிவலை அடிப்பது நலம். மூன்று நாளில் திறந்து விடுக. கூட்டை நாடி ஓடுமாயின் மேலும் இரண்டு நாள் வைக்க வேண்டும். பல நாள் அடைகிடக்க விட்ட கோழிக்கு இதனினும் கூடிய நாட்கள் செல்லும்.

போதனாசிரியராய்ப் பணியேற்ற புதிதில், அடைக்கோழியைக் கடகத்தாற் கவிழ்த்து மூடிவைக்குமாறு ஒரு கமக்காரருக்கு யானே கூறினேன். ஐந்தாம் நாட் போய்ப் பார்த்தபோது, கடகத்தினுள் வெறுநிலத்திலேயே குழி பறித்து அதில் இறுகக் கிடந்தது அக்கோழி! இருளும் கதகதப்பும் அடைக்கு ஆகுமேயன்றி, அடை தெளிய ஆகா. ‘ஐயா சொன்னபடி நல்லாய் அடைகிடக்குது’ என்று அவர் கூறியது இன்றும் நினைவிலுள்ளது.

மூக்கில் இறகு குத்துதல், தண்ணீரில் அமிழ்த்துதல், சாக்கிற் கட்டித் தொங்கவிடுதல் முதலியவற்றைக் கைவிடுக. சாக்கிற் கட்டப்பட்ட கோழி வெப்பத்தால் மாண்டதைக் கண்டிருக்கிறேன். அவ்வீட்டார் இழந்தது சில வார முட்டையை அன்று, முழுக் கோழியையே. பட்டினியிடுதலும் பேதைமை. அடைகிடந்து ஏற்கெனவே எடை குறைந்த கோழி, உடல் தேறினாலன்றி மீண்டும் இடாது. ஆதலாற் பெட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். குறுணல், தவிடு, கீரை ஆகியவற்றை வழக்கம்போல் இடுக.

அடை தெளிந்த கோழி பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். குஞ்சுகளோடு திரியவிட்ட கோழி மீண்டும் இட இரண்டு மூன்று மாதமாகலாம். வெள்ளை லெகோன் போன்ற இனங்கள் அடைகிடத்தல் அரிது. ஆயினும் அவற்றின் முட்டைக்குக் குஞ்சு வேண்டும்போது நாட்டுப்பேடே உதவும். எனவே நன்றாக அடைகிடக்கும் பேடு ஒன்றையாவது அதற்கென வைத்துக்கொள்க. அதனை மட்டும் பெட்டியில் அடைக்காதீர்கள்.

கோழியை வெளியே விடும் நாளிற் பழைய கூட்டு வைக்கோலை எரித்து, கூட்டினுள்ளும் வெடிப்புகளிலும் பேன், தெள்ளு இருக்கின்றனவா எனப் பார்த்துத் துப்புரவாக்குக. புழுதியும் அடுப்புச் சாம்பலும் கலந்த குழியொன்றை அருகில் அமைத்துவிட்டால், கோழி தானே அதிற் புரண்டு உடலைத் துப்புரவாக்கிக் கொள்ளும்.