இளம் இரட்டை உடுக்களும் அவற்றை நிறுக்கும் வகையும்

மணவினையில் அம்மி மிதித்து அருந்ததி காட்டுதல் நம்மவர் யாவரும் அறிந்த வழக்கு. எழுமுனிவர் மண்டலத்து வாலின் நடுவே வசிட்டன் என்னும் உடுவும், அதனையொட்டி அருந்ததி என்னும் சிற்றுடுவும் நிற்றலைக் கூரிய கண்ணுடையார் காண்பர். சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலிலே கண்ணகி வடமீனாகிய அருந்ததியோடு ஒப்பிட்டுப் பேசப்படுதலை மேல்வகுப்பு மாணவர் படித்திருப்பர். தமிழ் கற்பிக்கும் நமக்கு வானநூலில் என்ன வேலை என்று வினவுவார்க்கு அவ்வருந்ததியே விடையாகுக.

மேனாட்டார் வசிட்டனை மிசார் என்பர். பதினேழாம் நூற்றாண்டிலே தொலைகாட்டி கொண்டு நோக்கியபோது வசிட்டன் தானே இரண்டு உடுக்களாகப் பிரிந்து தோன்றிற்று. அவ்விரண்டனுள் ஒளிமிக்கது தொலைகாட்டிக்கு ஒன்றாகவே தோன்றியபோதும், 1889ஆம் ஆண்டில் அதன் நிறமாலையை ஆராய்ந்த ஆர்வர்ட் வானாய்வகத்தார் அதுவும் இரண்டேயென நிறுவினர். அவை ஏறத்தாழ இருபதரை நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. கண்ணுக்கு ஒன்று, தொலைகாட்டிக்கு இரண்டு, நிறமாலைக்கு மூன்றும் அதற்கு மேலும் என்றவாறு விரிந்து செல்லும் இவ்வகை உடுக்களே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

இரண்டு உடுக்கள் அருகருகே தோன்றுவதனால் மட்டும் அவை உறவுடையன ஆகா. ஒன்று அண்மையிலும் மற்றொன்று மிகு சேய்மையிலும் நின்று, நம் பார்வைக்கு ஒரே திசையிற் படுதலும் உண்டு. அவ்வாறு தற்செயலாக நேரக்கூடிய சோடிகளினும் வானத்திற் காணப்படும் சோடிகள் மிகப் பல என்று கணக்கிட்டு, பெரும்பாலானவை உண்மைத் துணைகளாதல் வேண்டும் என 1767இல் யோன் மிச்செல் கூறினார். வில்லியம் ஹேர்ஷெல் பல்லாண்டு நோக்கியிருந்து, அவை ஒன்றையொன்று சுற்றுதலை 1803இல் எடுத்துக்காட்டினார். 1827இல் பிரெஞ்சு நாட்டவரான சவாரி என்பார் அத்தகைய சோடியொன்றின் சுற்றுப்பாதையை முதன்முதற் கணித்தார்.

இச்சுற்றுப்பாதையை அளந்து பெறும் பயன் யாது? உடுவின் திணிவை அறிதலே. தனித்து நிற்கும் உடுவொன்றைத் தராசிலிட்டு நிறுக்க ஒருவராலும் இயலாது. அதன் ஒளியை அளக்கலாம், நிறத்தைக் கொண்டு வெப்பநிலையை அறியலாம், நிறமாலையைக் கொண்டு அதிலுள்ள மூலகங்களைக் கூறலாம். ஆயினும் அதனுள் எவ்வளவு சடப்பொருள் அடங்கியுள்ளது என்பதை அதன் ஒளி நேரே சொல்வதில்லை. வேறொரு பொருளை அஃது எவ்வாறு இழுக்கின்றது என்று கண்டாலன்றித் திணிவு புலப்படாது. அவ்விழுப்புக்குச் சான்று கூறும் துணை இரட்டை உடுவுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கின்றது.

கெப்ளர் கண்டு நியூற்றன் விரித்த விதி இங்குக் கைகொடுக்கின்றது. புவிக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட சராசரித் தூரத்தை ஓர் அலகாகக் கொள்க. இதனை வானியலலகு என்பர். நீள்வளையமாகிய சுற்றுப்பாதையின் நீண்ட விட்டத்திற் பாதியை இவ்வலகில் அளந்து, அதன் கனத்தை எடுத்து, சுற்றுக்காலத்தை ஆண்டில் அளந்து பெறும் வர்க்கத்தால் வகுத்தால், இரு உடுக்களின் மொத்தத் திணிவு ஞாயிற்றின் திணிவை அலகாகக் கொண்டு கிடைக்கும். சீரியசு என்னும் பேரொளி உடுவையும் அதன் துணையையும் எடுத்துக்கொள்வோம். அவற்றின் சுற்றுக்காலம் 50.1 ஆண்டு, பாதி விட்டம் 19.8 அலகு. 19.8இன் கனம் 7,762, 50.1இன் வர்க்கம் 2,510. வகுத்தால் 3.09. ஆகவே இரண்டும் சேர்ந்து மூன்று ஞாயிறுகளின் திணிவுடையன.

இம்மூன்றை இருவர்க்கும் பங்கிடுவது எங்ஙனம்? காவுதடியின் இரு தலையிலும் ஏற்றத்தாழ்வான சுமை கட்டித் தூக்குவோன், பாரம் மிக்க பக்கத்துக்கு அண்மையிலேயே தோள்கொடுப்பான். உடுக்களும் தம்மிடையேயுள்ள திணிவு மையத்தைச் சுற்றுவன. திணிவு மிக்கது மையத்துக்கு அண்மையில் மெல்லச் செல்லும், குறைந்தது சேய்மையில் விரைந்து செல்லும். அவ்வாறு பங்கிட, சீரியசுக்கு இரண்டும் துணைக்கு ஒன்றுமாக அமைகின்றது. அத்துணை சீரியசின் ஒளியிற் பதினாயிரத்தில் ஒரு பங்கே தருவது. பருமனிற் புவியை ஒத்தது. திணிவிலோ ஞாயிற்றுக்குச் சமமானது. ஒளியை மட்டும் கண்டு திணிவை உய்த்துணர்வோர் எவ்வளவு ஏமாறக்கூடும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

முதிர்ந்த உடுக்கள் பலவற்றுக்கு நூறாண்டு முயற்சியால் இத்தகைய கணக்குகள் சேர்ந்துவிட்டன. ஞாயிற்றையொத்த உடு திணிவில் இருமடங்காயின் ஒளியிற் பத்து மடங்குக்கு மேலாகும் என்றவாறான ஒழுங்கும் அவற்றால் தெரிய வந்தது. இளம் உடுக்களின் நிலை வேறு. அவற்றையே இனி நோக்குவோம்.

கார்த்திகைக் கூட்டமும் உரோகிணியும் அமைந்த இடப மண்டலத்திலே, ஏறத்தாழ 450 ஒளியாண்டுத் தொலைவில், தூசியும் வாயுவும் செறிந்த கருமுகில்கள் பரந்து கிடக்கின்றன. உடுக்கள் பிறக்கும் மகப்பேற்று மனை அதுவே. உரோகிணிக்கு வடமேற்கே உள்ள ரீ தௌரி என்னும் உடுவை 1852இல் ஹைன்ட் என்பார் கண்டார். அதனையொத்து ஒளி மாறும் உடுக்களை ஓரினமாக 1945இல் அல்பிரட் ஜோய் வகுத்தார். அவை அண்மையிற் பிறந்தவை என்பது பின்னரே தெளிவாயிற்று. ஞாயிற்றை நாற்பத்தாறு வயதுடைய ஒருவராக உருவகித்தால், இவை பிறந்து ஒரு வாரமோ இரு வாரமோ ஆன குழவிகள். ஞாயிறு ஐதரசனை எரித்து ஒளிர்வது போல இவை ஒளிர்வதில்லை. தம் எடையால் தாமே சுருங்கி, அச்சுருக்கத்தால் வெப்பமும் ஒளியும் பெறுகின்றன. ஆதலின் ஒரே திணிவுள்ள உடு இன்று ஓரொளியும் பத்திலக்கம் ஆண்டுக்குப் பின் வேறோரொளியும் உடையதாகும். முதிர்ந்தவற்றுக்குக் கண்ட ஒழுங்கு குழவிகளுக்குப் பொருந்தாது.

எனவே அறிஞர் கணிதத்தால் மாதிரிகள் சமைத்தனர். இன்ன திணிவுள்ள உடு இன்ன வயதில் இன்ன வெப்பநிலையும் ஒளியும் உடையதாக இருக்கும் என்று அம்மாதிரிகள் கூறும். வானத்தில் ஓர் இளம் உடுவின் ஒளியையும் நிறத்தையும் அளந்து, அட்டவணையிற் பொருத்தி, திணிவையும் வயதையும் ஒருங்கே வாசித்துவிடுவர். இதில் உள்ள இடர் யாதெனில், வெவ்வேறு அறிஞர் சமைத்த மாதிரிகள் ஒரே உடுவுக்கு வெவ்வேறு விடை தருவதே. திணிவு பிழைத்தால் வயதும் பிழைக்கும். வயது பிழைத்தால், அவ்வுடுவைச் சூழ்ந்த தூசித்தட்டிலிருந்து கோள்கள் உருவாக எத்தனை காலம் கிடைத்தது என்னும் கணக்கும் பிழைக்கும். நம் புவி போன்ற உலகங்கள் எவ்வளவு விரைவிற் பிறக்கின்றன என்னும் வினாவே இதில் தங்கியுள்ளது. எந்த மாதிரியையும் நம்பாது, ஈர்ப்பு ஒன்றையே கொண்டு திணிவைச் சொல்லும் இளம் இரட்டைகள் இவ்வழக்கில் நடுநின்ற சாட்சிகளாயின.

இச்சாட்சிகளை மன்றுக்கு அழைப்பது எளிதன்று. ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு விற்செக்கன் எனப்படும். இடப முகிலின் தொலைவில் விற்செக்கனிற் பத்திலொரு பங்கு இடைவெளி 14 வானியலலகாகும். ஞாயிற்றளவு மொத்தத் திணிவுடைய சோடி அத்தகைய பாதையை ஒருமுறை சுற்ற 52 ஆண்டு செல்லும். ஆசிரியர் தொடங்கிய அளவீட்டை மாணவரின் மாணவரே முடிப்பர். இடைவெளி அதிற் பாதியாயின் 18 அல்லது 19 ஆண்டிற் சுற்று முடியும். ஆகவே மனித ஆயுளுக்குள் விடை காண விரும்புவோர் மிக நெருங்கிய சோடிகளையே தேடுதல் வேண்டும். நெருங்கியவற்றையோ நம் வளிமண்டலத்தின் நடுக்கம் ஒரு விற்செக்கன் அகலமுள்ள ஒரே மங்கற்புள்ளியாகக் கலைத்துவிடுகின்றது.

இதனை வென்ற வழிகளுள் நமக்கு மிக விருப்பமானது சந்திரனைத் துணைக்கொண்ட வழி. சந்திரன் இடப மண்டலத்தினூடே செல்லுகையில் உடுக்களை ஒவ்வொன்றாக மறைக்கும். அதன் விளிம்பு செக்கனுக்கு ஏறத்தாழ அரை விற்செக்கன் நகரும். மறைபடுவது ஓர் உடுவாயின் ஒளி சடுதியாக அற்றுப்போம். இரண்டாயின் ஒரு படி இறங்கி, ஒரு கணம் தாமதித்து, மறுபடி இறங்கும். இருபதிலொரு விற்செக்கன் இடைவெளி இவ்வாறு பத்திலொரு செக்கன் தாமதமாக மாறிவிடுகின்றது! விரைவுக் கருவிகள் அதனை எளிதில் அளக்கும். உரோகிணியிடம் சந்திரன் பெரிதும் தங்கியதாகக் கதை கூறிய நம் முன்னோர் இதனைக் கேட்பின் மகிழ்ந்திருப்பர்.

ஆனாற் சந்திரன் தன் வழியில் உள்ளவற்றையே மறைக்கும். தான் செல்லும் திசையில் அமைந்த இடைவெளியை மட்டுமே காட்டும். 1970இல் பிரெஞ்சு அறிஞர் லபெயிரி, நூற்றிலொரு செக்கன் போன்ற மிகக் குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்துக் கணிதத்தால் ஒன்றுசேர்த்து நடுக்கத்தை நீக்கும் முறையை வகுத்தார். பின்னர் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை தன் வடிவை மாற்றி நடுக்கத்தை ஈடுசெய்யும் ஆடிகள் வந்தன. ஹவாய்த் தீவின் கெக் தொலைகாட்டி 10 மீற்றர் ஆடியுடன் இருபதிலொரு விற்செக்கன் இடைவெளியையும் பிரித்துக் காட்ட வல்லது. இவற்றின் துணையால் 1990களில் இடப முகிலை ஆராய்ந்தோர், ஞாயிற்றையொத்த முதிர்ந்த உடுக்களினும் அங்குள்ள இளம் உடுக்களிடையே இரட்டைகள் ஏறத்தாழ இருமடங்கு மிகுதி என்று கண்டனர்.

படம் ஒன்றே முழு விடையும் தாராது. படம் தருவது கோணம். அலகிலே தூரம் வேண்டுமாயின் உடு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது தெரிதல் வேண்டும். கனத்தை எடுக்கும் கணக்கிலே தொலைவில் நூற்றுக்குப் பத்துப் பிழைத்தால் திணிவில் நூற்றுக்கு முப்பது பிழைத்துப்போம். நிறமாலை அதற்கு நேர்மாறானது. உடு நம்மை நோக்கி வருங்கால் அதன் நிறமாலைக் கோடுகள் ஊதாப் பக்கமும், விலகிச் செல்லுங்கால் செம்மைப் பக்கமும் பெயரும். அப்பெயர்ச்சி செக்கனுக்கு எத்தனை கிலோமீற்றர் என்று வேகத்தை நேரே தரும். அதற்குத் தொலைவு வேண்டா. ஆயின் பாதை நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதை நிறமாலை அறியாது. முழு வேகத்தையோ அதன் ஒரு கூற்றையோ காண்கின்றோம் என்பது தெரியாமையால், திணிவு இவ்வளவுக்குக் குறையாது என்று மட்டுமே சொல்லலாம். படமோ சாய்வைத் தெளிவாகக் காட்டிவிடும். ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கும் இவ்விரண்டையும் ஒரே சோடியில் இணைத்தால் இருவர் திணிவும் தனித்தனியே கிடைப்பதோடு, கோணத்தையும் கிலோமீற்றரையும் ஒப்பிட்டு அச்சோடியின் தொலைவையும் இலவசமாகப் பெறலாம். இதனை நாம் பலமுறை எண்ணி வியந்ததுண்டு.

இடப முகிலின் அயலில் என்.ரி.ரி. 045251+3016 என்னும் பட்டியற்பெயரையுடைய சோடிக்கு இவ்வாறு கணக்கு முடிந்தது 2001இல். விண்ணிற் பறக்கும் ஹபிள் தொலைகாட்டியின் நுண்கருவி கோணத்தை அளந்தது. பாதி விட்டம் விற்செக்கனில் முப்பதிலொரு பங்களவே. யாழ்ப்பாணத்தில் நின்று கொழும்பிலுள்ள ஐந்து சதமமீற்றர் அகலத்தை அளப்பது போன்றது அது. நிறமாலை பல ஆண்டு வேகங்களைத் தந்தது. சுற்றுக்காலம் 6.9 ஆண்டு, பாதி விட்டம் ஏறத்தாழ நான்கே முக்கால் அலகு, திணிவுகள் 1.45உம் 0.81உம், தொலைவு ஏறத்தாழ 470 ஒளியாண்டு.

ரீ தௌரியின் கதை இன்னும் சுவையுடையது. அவ்வினத்துக்கே பெயர் தந்த அவ்வுடுவுக்குத் தெற்கே ஒரு துணை இருத்தல் 1982இல் வெளியாயிற்று. கண்காணும் ஒளியில் அது தோன்றாது. தூசியை ஊடுருவும் செந்நிறக் கீழ்க்கதிரில் மட்டுமே தோன்றும். 1990களின் பிற்பகுதியில் அத்துணையும் இரண்டெனக் கண்டனர். அவ்விரண்டின் சுற்றுக்காலம் ஏறத்தாழ 27 ஆண்டு. அக்காலத்திற் பாலர் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை படித்து, தொழில் பெற்று, பழைய மாணவர் சங்கத்தில் உறுப்பினராகும் அளவில் ஒரு சுற்று நிறைவெய்தியுள்ளது. அவற்றுள் ஒன்று ஞாயிற்றைப் போல் இருமடங்கு, மற்றையது அரைமடங்குக்குச் சற்றுக் குறைவு. இருமடங்கான அதனையே தூசி நம் கண்ணுக்கு முற்றும் மறைத்திருக்கின்றது.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற எண்கள் என்ன கூறின? ஞாயிற்றினும் திணிவு குறைந்த இளம் உடுக்களுக்கு மாதிரிகள் பல நூற்றுக்குப் பத்து முதல் முப்பது வரை குறைத்தே மதிப்பிட்டன என்பது வெளிப்பட்டது. இளம் உடுக்களின் வலிய காந்தப்புலம் வெப்பம் வெளியேறுதலைத் தடுத்து அவற்றைக் குளிர்ந்தவையாகக் காட்டுகின்றது என்பதே காரணமாகக் கூறப்பட்டது. அதனைச் சேர்த்துச் சமைத்த மாதிரிகள் அளவீட்டுக்கு நெருங்கி வருகின்றன. அவற்றின்படி சில உடுக்களின் வயது முன்னர் எண்ணியதைப்போல் இருமடங்காகின்றது. 2006இல் ஓரையன் முகிலில், ஒன்றையொன்று மறைக்கும் இரு குழவிகள் அளக்கப்பட்டன. திணிவுகள் 0.054, 0.034, உடுவென்று சொல்லவும் போதாதவை. அவற்றுள் திணிவு மிக்கதே குளிர்ந்ததாக இருந்தது! எந்த எளிய மாதிரியும் இதனை எதிர்பார்த்திலது.

கணித வகுப்பு மாணவர் தாமே செய்து பார்த்தற்கு ஒரு கணக்கு. கிண்ண மண்டலத்தில் எச்.டி. 98800 என்னும் நால்வகை இளம் உடுத்தொகுதி ஒன்றுண்டு. அதிலுள்ள நெருங்கிய சோடியை, 85 மீற்றர் இடைவெளியில் நின்ற இரு கெக் தொலைகாட்டிகளின் ஒளியை ஒன்றாக்கி 2005இல் அளந்து வெளியிட்டனர். சுற்றுக்காலம் 315 நாள். பாதி விட்டம் 0.98 அலகு, அஃதாவது ஏறத்தாழப் புவியின் பாதையளவே. நிறமாலையிற் கண்ட வேகங்கள் ஐந்துக்கு ஆறு என்னும் விகிதத்தன. ஒவ்வொன்றின் திணிவும் யாது? நாளை ஆண்டாக்க மறவற்க. மெல்லச் செல்வது எதுவென்பதையும் நினைவிற் கொள்க. 0.69உம் 0.58உம் வந்தாற் கணக்குச் சரி.